இரண்டு முடிச்சுப் பொட்டலம்

நம் வயதுக்காரர்கள் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படப் போவதில்லை. அன்றைக்கு ஊருக்கு ஒரு வீட்டிலாவது ஓர் ஆள் சங்கிலியில் இருந்தார். தெருவில் போகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் பார்ப்பதையும் விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் இருந்தவர் என் சித்தப்பா. அப்பாவின் தம்பி.

எனக்கு நீட்டி எழுத வராது. எட்டாவதோடு நின்ற படிப்பு. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீடு மண்ணரை ஊருக்குள் இருந்தது. அப்பாவுக்கு வெளுப்புப் பட்டறையில் வேலை. பனியன் துணியை வேகவைத்து, பவுடர் தண்ணீரில் அலசி, நொய்யல் கரையில் வரிசையாகக் காயப் போடுவார்கள். உங்களுக்கும் நினைவிருக்கும், கரை முழுவதும் வெள்ளையாகக் கிடக்கும். அப்பா வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் பவுடர் வாடை வந்துவிடும். அவர் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அம்மா வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவார். தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பதுதான் பிசிறு வெட்டுவது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் உட்கார வேண்டும்.

வீட்டுக்குள் ஒரு பழைய தறிக்குழி இருந்தது. தறி எப்போதோ போய்விட்டது. குழியும் அதன் ஓரத்தில் ஊன்றிய மரக்காலும்தான் மிச்சம். சித்தப்பா குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார். வலது கணுக்காலில் ஒரு பூட்டு, மரக்காலில் ஒரு பூட்டு, நடுவில் சங்கிலி. எருமை கட்டுகிற சங்கிலிதான், சந்தையில் வாங்கியது. கொல்லைப்புறம் வரைக்கும் எட்டும். வாசல் வரைக்கும் எட்டாது. சாவி இரண்டும் அப்பாவின் அரைஞாண் கயிற்றில்.

சித்தப்பா எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர். எங்கள் சொந்தத்தில் அவர்தான் முதல் ஆள். ஒரு பனியன் கம்பெனியில் வடக்கே போகிற மூட்டைகளுக்கு இங்கிலீஷில் விலாசம் எழுதினார். கடிதமும் எழுதுவார். வெள்ளைச் சட்டை, பையில் மைப்பேனா. ஒரு நாள் வேலைக்கென்று கிளம்பினவர் கம்பெனிக்குப் போகவில்லை. ரயில் பாதையில் ஏறி நடந்துகொண்டே போயிருக்கிறார். ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் பிடித்து நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "நடக்கோணும் போல இருந்துச்சு" என்றார். இரண்டாம் தடவை ஈரோடு வரைக்கும் போய்விட்டார். மூன்றாம் தடவை ரயிலே நின்றது. டிரைவர் இறங்கி வந்து கன்னத்தில் அறைந்தாராம். அதற்கு மறுநாள்தான் அப்பா சங்கிலி வாங்கி வந்தார். பூட்டிவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

சித்தப்பா யாரையும் அடித்தது கிடையாது. கத்தினதும் கிடையாது. சில சமயம் வாரக்கணக்கில் பேச மாட்டார், அவ்வளவுதான். வைத்த சோறு வைத்தபடி இருக்கும். இன்றைக்கென்றால் மாத்திரை இருக்கிறது என்று என் பேரன் சொல்கிறான். அன்றைக்குத் தலைச்சூடு என்றார்கள். காத்துக் கருப்பு என்றார்கள். டாக்டர் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

சங்கிலி உரசிப் புண் ஆகாமல் இருக்க அவர் காலில் பனியன் வேஸ்ட் துணி சுற்றுவோம். வெள்ளிக்கிழமை தோறும் மாற்றிச் சுற்றுவது என் வேலை. அவிழ்த்த துணியில் துருவும் வேர்வையும் சேர்ந்து ஒரு வாடை இருக்கும். இப்போதும் இரும்புக் கேட்டைப் பிடித்தால் கையை முகர்ந்து பார்க்கிறேன்.

எட்டாவதில் எங்களுக்கு ஓர் இங்கிலீஷ் வாத்தியார். முன்னால் 'அன்' சேர்த்தால் எதிராக மாறும் வார்த்தைகள் என்று பத்து வார்த்தை எழுதிப் போட்டார். அன்டை என்றால் முடிச்சை அவிழ்ப்பது, அன்லாக் என்றால் பூட்டைத் திறப்பது என்று எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொன்னார். கடைசி வார்த்தை அன்ஃபெட்டர். அதற்கு மட்டும் அர்த்தம் சொல்லாமலே கரும்பலகையைத் துடைத்துவிட்டார்.

"சார், இதுக்குங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது எங்கயும் வராது. ஆனாப் பரீட்சையில வரும். நாளைக்கு ஒவ்வொண்ணுக்கும் மூணு வாக்கியம். இல்லீன்னா முட்டி போட்டே எல்லாரும் ஊடு போய்ச் சேருவீங்க."

நான் அந்த வகுப்பில் கடைசியில் இருந்து இரண்டாவது. சாயங்காலம் தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டே அந்த வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா பேசி இருபது நாள் ஆகியிருந்தது.

"அந்த நோட்டக் குடு" என்றார்.

கொடுத்தேன். பார்த்தார். "யாரு அம்முணி உனக்கு இதக் குடுத்தது?"

"வாத்தியாருங்க."

"அவுருக்கு அர்த்தம் தெரியுமாமா?"

"எங்கயும் வராதுன்னு சொன்னாருங்க."

சித்தப்பா சிரித்தார். உள்ளே இருந்து அம்மா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். காலைக் குழியிலிருந்து தூக்கி மேலே வைத்தார்.

"இதா, இதுக்குப் பேரு ஃபெட்டர். கால் வெலங்கு. முன்னால அன் போட்டா அதக் கழட்டி உடறது."

"அவுக்கறதுங்களா?"

"முடிச்ச அவுக்கறதுக்குத்தான் வேற வார்த்தை எழுதியிருக்கறயே. இது ஆளுக்கு வர்றது. மாட்டுக்கும் போடலாம். மனசுக்குக்கூடப் போடுவாங்க, பொஸ்தகத்துல. பேச்சுல போட்டாச் சிரிப்பாங்க. பழைய வார்த்தை."

"வாக்கியம் சொல்லுங்க சித்தப்பா."

"ஒண்ணு கவனிச்சுக்க. ஒருத்தன் தனக்குத் தானே பண்ணிக்கிட்டான்னு எழுதுனா நல்லா இருக்காது. கட்டிக் கெடக்கறவன் ஒருத்தன், வந்து கழட்டி உடறவன் ஒருத்தன். ரெண்டு பேரு வேணும் இந்த வார்த்தைக்கு."

மூன்று வாக்கியம் சொன்னார். உழவன் தன் எருதுகளின் தளையைக் கழற்றிவிட்டான். அரசன் கைதிகளை விலங்கு நீக்கி அனுப்பினான். மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசித்தார். அவனைக் கழற்றிவிட்டால் அன்றைக்கே அவன் புறப்பட்டுப் போய்விடுவான்.

"எங்கீங்க போவான்?" என்று கேட்டேன்.

"அது வாக்கியத்துல வராது. நீ எழுது."

மறுநாள் வாத்தியார் நோட்டை இரண்டு தடவை படித்தார். "யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்க சித்தப்பாங்க."

"அந்தச் சங்கிலி போட்ட ஆளா?"

வகுப்பே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. மூன்றுக்கும் சரி போட்டார். அன்றைக்கு முட்டி போடாத ஐந்து பேரில் நானும் ஒருத்தி.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் பாடம். சித்தப்பா குழி ஓரத்தில், நான் எதிரில். தப்பாகச் சொன்னால் "கழுதைக்குக்கூட இது வந்துரும்" என்பார். சரியாகச் சொன்னால் ஒன்றும் சொல்ல மாட்டார். வேளைக்குச் சாப்பிட ஆரம்பித்தார். அப்பாவிடம் ஊர் விஷயம் கேட்டார். அரையாண்டில் இங்கிலீஷில் நான் முதல். சங்கிலி வீட்டுப் பிள்ளை என்று கூப்பிட்டவர்கள் நோட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்த மாசியில் ஊத்துக்குளியிலிருந்து அத்தை வந்தார். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. தாய் இல்லாத சித்தப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அவர்தான். அவருக்குக் குழந்தை இல்லை. வாழையிலையில் சுற்றிய வெண்ணெயோடு வந்து சித்தப்பாவின் உச்சந்தலையில் வைத்துத் தேய்த்தார். வெண்ணெய் உருகிக் காதோரம் வழிந்தது. சித்தப்பா கண்ணை மூடிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, இவன் நல்லாத்தான இருக்கறான். அவுத்து உடுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அத்தை.

"உன்ற ஊட்டுக்குப் பின்னாலதான ரயில் போகுது?" என்றார் அப்பா.

"போனாப் போகுது. எட்டு மாடு வெச்சிருக்கறேன். ஒண்ணாச்சும் ரயில்ல உழுந்துச்சா?"

"மாடும் இவனும் ஒண்ணா?"

"மாட்டுச் சங்கிலி வாங்கிட்டு வந்தது நீங்கதானுங்ணா."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மாதான் பின்னாலேயே போய், "முருகங்கிட்டப் பூக் கேட்டுரலாமுங்க. அவன் சொல்றபடி பண்ணிரலாம்" என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

நம் பக்கத்தில் பூக் கேட்காமல் எது நடந்தது? கல்யாணம், கிணறு, வீடு, எல்லாவற்றுக்கும் கேட்போம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவப்புப்பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து, வயதுக்கு வராத பெண்பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். செவப்பு வந்தால் கூடாது. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான்.

அடுத்த செவ்வாய் என்று முடிவானது. வெள்ளை வந்தால் கோயிலிலேயே பூட்டைத் திறந்து, அங்கிருந்தே அத்தையோடு அனுப்புவது. அத்தை ஊருக்குப் போய் அவருக்கென்று ஒரு அறையை மெழுகிக் கட்டில் போட்டுவிட்டு வந்தார். சித்தப்பா நாவிதரை வரச்சொல்லிச் சவரம் செய்துகொண்டார். பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தோம். போட்டுப் பார்த்தார். தோள் இரண்டும் இறங்கித் தொங்கியது.

எனக்குப் பெரிய பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

"எனக்குப் பரீட்சை வருதுங்க சித்தப்பா" என்றேன்.

"இனி உனக்கே வரும்."

"வராதுங்க."

"வரும் வரும்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி கட்டினோம். அப்பா மரக்கால் பூட்டைத் திறந்து சங்கிலி முனையைக் கையில் சுற்றிக்கொண்டார். கோயில் ஊருக்கு வெளியே ஒரு கரட்டின் மேல். சித்தப்பா ஒவ்வொரு படியாக ஏறினார். சங்கிலி ஒவ்வொரு படியிலும் இடித்தது. சாமி கும்பிட வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பூசாரிக்கு வயதாகிவிட்டது. கண்ணில் பூ விழுந்தவர். வெள்ளரளியை ஒரு வாழையிலைத் துண்டிலும் செவ்வரளியை ஒரு துண்டிலும் மடித்தார். கட்டுவதற்கு அப்பா பட்டறையிலிருந்து கழிவு நூல் கொண்டு வந்திருந்தார். வெள்ளைப்பூப் பொட்டலத்தைக் கட்டும்போது நூல் அறுந்தது. பூசாரி இன்னொரு துண்டு நூலை எடுத்து ஒட்டுப் போட்டுக் கட்டினார். அதில் இரண்டு முடிச்சு. மற்றதில் ஒன்று. அப்பாவும் அம்மாவும் அத்தையும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பார்த்தேன்.

தட்டில் வைத்துக் குலுக்கினார். சாமி காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். "கண்ண மூடிட்டு ஒண்ண எடு சாமி" என்று தட்டை என் முன்னால் நீட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டேன். கை முதலில் பட்டது இரண்டு முடிச்சு. பிசிறு வெட்டிய விரல், முடிச்சு தப்பாது. அது என் கைக்குள்தான் இருந்தது. ஒரு மூச்சு நேரம் பிடித்திருந்தேன். விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன்.

பரீட்சை வரைக்கும்தான் நினைத்தேன். அதற்கப்புறம் மறுபடி கேட்பார்கள் என்று நினைத்தேன். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் என்பது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அந்த மூச்சு நேரத்தில் அது ஞாபகத்தில் இல்லை.

பூசாரி பிரித்தார். செவப்பு.

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொருக்காக் கேளுங்க சாமி" என்றார்.

"கேக்கக் கூடாதுங்க அம்மா. சாமியச் சந்தேகப்பட்டதாட்ட ஆயிரும்."

அப்பா மூச்சை விட்டார். அது துக்கமா நிம்மதியா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. சித்தப்பா இலையில் கிடந்த பூவைப் பார்த்தார். "சரி, வண்டியக் கட்டுங்க" என்றார். அவரேதான் முதலில் இறங்கினார். அப்பா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

அன்று சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். சித்தப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்திருந்தார். "எதுல விட்டோம்?" என்று கேட்டார். பரீட்சைக்கு முந்தின நாள் வரைக்கும் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள்கூட விடவில்லை.

பரீட்சையில் இங்கிலீஷில் நான்தான் முதல். லீவில் வயதுக்கு வந்தேன். சீர் செய்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கும்போது அப்பா, "போதும். இனி எதுக்கு?" என்றார். என் நோட்டுகளைக் கிழித்து அம்மா அடுப்புப் பற்றவைத்தார். நான் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனேன்.

சித்தப்பாவிடம் கேட்க எனக்குப் பாடம் இல்லாமல் போனது. கொஞ்ச நாள் வெறுமனே எதிரில் போய் உட்கார்ந்தேன். அவர் ஏதாவது கேட்பார், நான் ஏதாவது சொல்வேன். பிறகு அவர் கேட்பதை நிறுத்தினார். தட்டு மறுபடி வைத்தபடியே இருந்தது. மழை பெய்தால் தறிக்குழியில் ஊற்று எடுக்கும். காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார். எனக்குக் கல்யாணமாகி வேறு வீடு போன பிறகு துணி மாற்றிச் சுற்ற ஆள் இல்லை.

பூக் கேட்டதற்கப்புறம் பதிமூன்று வருடம் இருந்தார். ஐப்பசி மழையில் காலில் புண் வைத்துக் காய்ச்சல் வந்து இறந்தார். குளிப்பாட்டும்போது அப்பா கால் பூட்டைத் திறக்கப் பார்த்தார். சாவி திரும்பவில்லை. துரு. எண்ணெய் விட்டுப் பார்த்தார். கடைசியில் கம்பெனி மெக்கானிக்கைக் கூட்டி வந்து ரம்பத்தால் அறுத்தார்கள். அறுக்கிற வரைக்கும் அப்பா அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டிவிடாதே, வலிக்கும் என்று மெக்கானிக்கிடம் சொன்னார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா ஒன்றேதான் சொன்னார். "நான் அவுத்து உடத்தானுங்க போனேன். முருகன் உத்தரவு குடுக்கல." அதற்கப்புறமும் பல வருடம் அதைச் சொன்னார். அவருக்கு இருந்தது அந்த ஒரு பேச்சுதான். அதை நான் பிடுங்கவில்லை. அப்பா போனார், அம்மா போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு ஐம்பத்தைந்து தாண்டிய பிறகு ஒரு நாள் ஊத்துக்குளிக்குப் போனேன். அத்தைக்கு எண்பது வயதுக்கு மேல். மாமா இல்லை, மாடுகளும் இல்லை. தனியாக இருந்தார். சொல்லிவிடுவது என்றுதான் ரயிலேறினேன். ஆனால் அத்தை முந்திக்கொண்டார்.

"அம்முணி, ஒண்ணு சொல்லோணும். உன்ற மாமங்கிட்டக்கூடச் சொல்லல."

"சொல்லுங்க அத்தை."

"அன்னிக்குப் பூக் கேக்கப் போனம் பாரு. நான் கோயிலுக்குள்ள வந்திருக்கக் கூடாது கண்ணு. வண்டியில வர்றப்பவே எனக்குத் தூரமாயிருச்சு. சொன்னா இன்னொரு நாளைக்குன்னு தள்ளிப் போடுவாங்க. அதுக்குள்ள அண்ணன் மனசு மாறிரும்னு மறைச்சுட்டேன். தீட்டோட போய் நின்னா முருகன் எப்படி வெள்ளை குடுப்பான்? என்ற தம்பிய நானே கட்டிப் போட்டுட்டேன்."

அதற்குப் பிறகு எந்தக் கோயில் படியும் மிதிக்கவில்லை என்றார். தேருக்கும் போகவில்லை. வீட்டில் விளக்கேற்றப் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் கூப்பிடுவாராம்.

நான் சொன்னேன். நூல் அறுந்தது, இரண்டு முடிச்சு, கைக்குள் இருந்ததை விட்டது, பரீட்சை, எல்லாம். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தது, இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அத்தை என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்படியே உன்ற சித்தப்பனாட்டவே பேசறே. நான் அழுதா அவனும் இப்படித்தான் ஏதாச்சும் கட்டிச் சொல்லித் தேத்துவான்."

"கட்டிச் சொல்லலீங்க அத்தை. நெசமுங்க."

"அவன்மேல உசுரா இருந்த புள்ள நீ. நீ போயி செவப்ப எடுப்பியா?"

"எடுத்தனுங்க."

"போதும் கண்ணு. எனக்காகச் சாமி காரியத்துல பொய் சொல்லாத. அந்தப் பாவம் உனக்கு எதுக்கு?"

சத்தியம் செய்யக் கையை எடுக்கப் பார்த்தேன். அத்தை விடவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

மூன்றாம் மாதம் அத்தை இறந்துவிட்டார். நான் போனபோது பக்கத்து வீட்டுக்காரிதான் வாசலில் நின்றிருந்தாள். கடைசி வாரம் தைப்பூசமாம். காவடி அந்தத் தெரு வழியாகவே போயிருக்கிறது. கைத்தாங்கலாக வாசலுக்காவது கூட்டி வருகிறேன், பாருங்கள் என்று அவள் கூப்பிட்டிருக்கிறாள்.

"வேண்டாம், நான் சாமிக்கு ஆகாதவளுன்னு கதவச் சாத்தச் சொல்லிட்டாங்க" என்றாள்.